சட்டம் விசாரிக்காத குற்றம்

குற்றம் நிகழ்ந்தால் விசாரணை நடைபெறும். குற்றவாளி தண்டனை பெறுவான். இஃது உலக வழக்கு. ஆனால் சட்டப் புத்தகத்தின் எப்பிரிவிலும் அடங்காத குற்றங்களும் உண்டு. அவற்றை விசாரிப்பவர் யார்? இக்கேள்விக்கு விடையாக ஓர் இன்ஸ்பெக்டரையே மேடையில் நிறுத்தியவர் ஜே. பி. பிரீஸ்ட்லி என்னும் ஆங்கில ஆசிரியர். 'ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்' என்னும் அந்நாடகத்தைப் பற்றி மலரின் வாசக அன்பர்களுக்குச் சில கூற விழைகிறேன்.

பிரீஸ்ட்லி 1894 இல் பிராட்ஃபோர்டு என்னும் ஆலை நகரில் பிறந்தார். பதினாறாம் வயதில் பள்ளியை விட்டுக் கம்பளி வணிக நிலையமொன்றில் எழுத்தராக அமர்ந்தார். எழுத்தராகவே காலங்கழிக்கும் எனக்கு அவர்மீது தனிப் பற்று ஏற்பட இதுவும் ஒரு காரணம். முதல் உலகப்போரில் அவர் போர்முனை சென்று காயமுற்றார். இரண்டாம் போரில், 1940 இல், அவருடைய வானொலி உரைகளை மக்கள் பெருந்திரளாகக் கேட்டனர். அப்போர் முடியுந்தறுவாயில் எழுதிய இந்நாடகம் 1945 இல் சோவியத் நாட்டிலும், 1946 இல் இலண்டனிலும் அரங்கேறியது.

நாடகம் நிகழும் ஆண்டோ 1912. ஆலை முதலாளி பர்லிங், மகளின் திருமண உறுதி விருந்தில் பெருமிதத்தோடு பேசுகிறார்: போர் வாராதாம், டைட்டானிக் கப்பல் மூழ்காதாம்! அவ்வாண்டு ஏப்ரலிலேயே கப்பல் மூழ்கியதையும், 1914 இல் போர் மூண்டதையும் அறிந்தவர்கள் அன்றோ அரங்கில் அமர்ந்திருந்தவர்கள்? அவர் அறிவின் தரம் அப்போதே விளங்கிவிடுகிறது.

அவ்வேளையில் இன்ஸ்பெக்டர் கூல் வருகிறார். ஈவா ஸ்மித் என்னும் ஏழைப் பெண் நஞ்சருந்தி மாண்டாள் என்கிறார். வாரம் இருபத்திரண்டரை ஷில்லிங் ஊதியத்தை இருபத்தைந்தாக உயர்த்தக் கேட்டதற்காக அவளை வேலையினின்று நீக்கியவர் பர்லிங். பின்னர் கடையொன்றில் அவளுக்குக் கிடைத்த வேலையை, அற்பப் பொறாமையால் பறித்தவள் மகள். ஆதரவு தந்து பின்பு கைவிட்டவன் மணமகனாக இருந்தவன். குடிவெறியில் அவளைக் கெடுத்துக் கருவுறச் செய்தவன் மகன். இறுதியில் மாதர் உதவிச் சங்கத்தில் அவள் மனுவைத் தள்ளியவர், அதன் தலைமைப் பொறுப்பிலிருந்த தாயார்.

மகனின் செய்கையைத் தவிர ஏனையவற்றைச் சட்டம் தீண்டாது. 1911 இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட வேலையின்மைக் காப்பீடு கட்டடம், கப்பல், எந்திரம் முதலிய சில தொழில்களுக்கே உரியதாயிருந்தது; கடைப் பெண்ணுக்கு அதில் இடமில்லை. பெண்களுக்கு வாக்குரிமையும் 1918 இல்தான், அதுவும் முப்பது வயது கடந்தோருள் ஒரு பகுதியினர்க்கே, கிடைத்தது. ஆகவே அவளுக்கு எஞ்சிய ஒரே கதவு அறச் சங்கத்தின் கதவு. அதுவும் அடைபட்டது.

கூல் எவரையும் கைது செய்வதில்லை. ஒருவர்பின் ஒருவராக வினவுகிறார். புகைப்படத்தையும் ஒரு வேளையில் ஒருவருக்கே காட்டுகிறார். "என் பங்கு சிறிது" என்று ஒவ்வொருவரும் கூறலாம். அச்சிறு பங்குகளைக் கூட்டிக் காட்டுவதே அவர் பணி.

அவர் சென்றபின், அப்பெயரில் இன்ஸ்பெக்டரே இல்லை என்றும், மருத்துவமனையில் அத்தகைய சாவே நிகழவில்லை என்றும் தெரிகிறது. பெற்றோர் மகிழ்கின்றனர். "வந்தவர் யாராயினும், நாம் செய்தவை செய்தவைதாமே?" என்று மக்கள் இருவரும் கலங்குகின்றனர். அப்போது தொலைபேசி மணி ஒலிக்கிறது: ஒரு பெண் நஞ்சருந்தி இறந்தாள்; விசாரிக்க இன்ஸ்பெக்டர் வருகிறார்!

1945 தேர்தலில் ஆங்கில மக்கள் தொழிற்கட்சியை ஆட்சியில் அமர்த்தினர். 1948 ஜூலை 5 அன்று அனைவர்க்கும் இலவச மருத்துவ சேவை தொடங்கியது. இவை நாடகத்தால் விளைந்தன அல்ல. எனினும் நாடகம் எழுப்பிய கேள்வியே அன்று நாட்டின் கேள்வியாகவும் இருந்தது.

இக்கதையில் என்னை உறுத்தியது தாயாரின் பகுதியே. சில ஆண்டுகளுக்கு முன் உதவி நிதிக் குழுவொன்றில் நானும் உறுப்பினன். கணவரை இழந்த அம்மையார் ஒருவர் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்கு மனுக் கொடுத்தார். சந்தா நிலுவையைக் காட்டி மறுத்தோம். விதி சரியானதே, கையொப்பமிட்டவருள் நானும் ஒருவன். அடுத்த மாதம் அக்குடும்பம் வீட்டைக் காலி செய்தது. எங்குச் சென்றது என்று எவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆதலின் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். உதவி கோரும் மனுவை மறுக்குமுன், குழுவில் ஒருவரேனும் அவ்வீடு வரை நேரில் சென்று வருதல் வேண்டும். முதலில் செல்ல அடியேன் சித்தமாயிருக்கிறேன்.