ஐம்பது மெகாபைட்டுக்குள் ஓர் இயங்குதளம்

பழைய கணனிகளைக் கழித்துக்கட்டும் அவசரம் எங்கள் பத்திரிகை அலுவலகங்களிலும் இருந்ததை நான் அறிவேன். அந்த அவசரத்துக்கு எதிர்த்திசையில் நின்றவர்களுள் ஜோன் அன்ட்ரூஸ் முக்கியமானவர். நொப்பிக்ஸைத் தழுவி அவர் உருவாக்கிய டாம் ஸ்மோல் லினக்ஸின் 1.0 பதிப்பு 2005இல் வெளியானது. விசிற்றிங் கார்ட் அளவிலான இறுவட்டுக்குள் அடங்கவேண்டும் என்பதற்காக அது 50 மெகாபைட்டைத் தாண்டவில்லை. கனமான மேசைச்சூழல்கள் விலக்கப்பட்டதால் 486 செயலியும் 16 மெகாபைட் நினைவகமுமே அதற்குப் போதுமாயின. இருந்தும் இணைய உலாவி, சொற்செயலி எதுவும் விடுபடவில்லை.

அம்முயற்சியில் பங்குகொண்ட ரொபர்ட் ஷிங்கில்டெக்கர் பின்னர் தனியே ஆரம்பித்த ரைனி கோர் அதனிலும் சிறியது. 2009இல் வந்த அதன் முதற்பதிப்பு ஏறத்தாழ 10 மெகாபைட்தான்.

நீண்ட மௌனத்தின் பின் 2024இல் அன்ட்ரூஸ் திரும்பி வந்தார். இம்முறை எல்லை 700 மெகாபைட். ஒரு முழு இறுவட்டு! பருத்தது அவருடைய ஆசையல்ல, இன்றைய இணைய உலாவிகளே என்பேன்.