எழுவான் ஒளியும் படுவான் ஒளியும்: பழைய ஒளிப்படங்கள் வரலாற்றுச் சான்றாகுமாறு

மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கும் எழுவான்கரை, படுவான்கரை என வழங்கப்படுகின்றன. ஞாயிறு எழும் திசையும் படும் திசையுமே நிலத்துக்குப் பெயராயின. ஒளி எங்கிருந்து வருகின்றது என்பதே ஒளிப்படக்கலை பயிலப் புகுவோனுக்கும் முதற்பாடமாகும். எழுவான்கரையில் நின்று வாவியை நோக்குவோனுக்குக் காலைக்கதிர் முதுகுப்புறமிருந்து வரும். எதிர்க்கரைத் தென்னைகள் துலங்கினும் அவற்றின் நிழல் பின்னே மறைவதால் காட்சி தட்டையாகத் தோன்றும். மாலையில் அதே இடத்தில் ஒளி முகத்துக்கு நேரே வருதலின், தோணியும் வலைஞரும் வெறுங் கருநிழல்களாவர்.

உச்சிவேளையின் இயல்பு வேறு. ஏப்பிரல் 10 ஆம் நாளை அண்டி மட்டக்களப்பில் ஞாயிறு நேர் உச்சியில் நிற்கும். கண்குழிகளில் நிழல் தேங்கும். அதன்பின் செப்டெம்பர் தொடக்கம் வரை நண்பகல் ஞாயிறு வடபுறமே நிற்பதால், வடக்குச் சாளரத்தின் ஒளியே மென்மையானது என்னும் ஐரோப்பியக் கைந்நூல்களின் விதி இங்கு அம்மாதங்களிற் பொய்த்துவிடுகின்றது. இங்கிலாந்திற் கண்ணாடிக் கூடத்தின் பக்கவொளியைக் கையாண்டு புகழ்பெற்ற யூலியா மார்கரெட் கமரன் 1875 இல் இலங்கை வந்தார். 1877 இல் களுத்துறையில் அவர் தம்மைப் படமெடுத்தபோது, தென்னோலைகளினூடே நண்பகற் கதிர் கண்களிற் பட்டதை ஓவியர் மரியான் நோர்த் சற்றே நகைச்சுவையுடன் எழுதிவைத்துள்ளார். வடகீழ்ப் பருவமழைக் காலத்து மேகமூட்டமே இந்நிலத்தின் இயற்கையான மென்திரை எனலாம்.

எனினும் ஒளியின் திசையை அறிந்த மாத்திரத்தே பழைய படமொன்றைச் சான்றாகக் கொள்ளுதல் சாலாது. கண் காணும் ஒளியும் தகடு கண்ட ஒளியும் ஒன்றல்ல. 1851 இல் பிரடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டின் வெள்ளி உப்புகள் நீலத்தையும் ஊதாவையுமே நன்குணர்ந்தன. மஞ்சளும் சிவப்பும் அவற்றுக்கு ஏறக்குறைய இருளே. ஆகவே நீலவானம் வெண்மையாகி, முகில்கள் அதனுள் மறைந்தன. ஜோசப் லோட்டன் 1870-71 இல் பொலனறுவையின் இடிபாடுகளைப் படமெடுத்தது போன்ற அக்காலப் பணிகளில் வெற்றுவானத்தைக் கண்டு, அன்று மந்தாரமாயிருந்தது என முடிவுசெய்தல் தவறாகும். பிரான்சில் குஸ்தாவ் லெ கிறே கடலுக்கொரு தகடும் வானுக்கொரு தகடுமாக எடுத்து, இரண்டையும் ஒரே படமாக இணைத்ததும் இக்குறையை ஈடுசெய்யவே.

மாந்தர் உருவங்களில் இக்குறை இன்னும் பாரதூரமானது. மாநிற மேனி மிகுதியாகத் திருப்புவது மஞ்சளும் செம்மையும் சார்ந்த ஒளியே. அதனைத் தகடு உணராமையின், முகங்கள் உள்ளதினும் கறுத்துப் பதிந்தன. குடியேற்றவாதக் காலப் படங்களைக் கொண்டு மக்களின் நிறத்தைப் பற்றி எழுதியவர்கள், தகட்டின் குருட்டுத்தன்மையையே மக்களின் இயல்பாகக் கொண்டனர் என்று கூறுதல் மிகையாகாது.

சாயங்களைச் சேர்த்தால் தகட்டின் உணர்திறன் விரியும் என்பதை ஹேர்மன் வோகல் 1873 இற் கண்டறிந்தார். சிவப்பு வரை எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் 1906 இல் விற்பனைக்கு வந்தன. அதன்பின்னும் பல்லாண்டுகள் சிவப்பை உணராத படச்சுருள்களே மலிவாகக் கிடைத்தன. இருட்டறையிற் செவ்விளக்கு எரிக்க முடிந்ததும் அதனாலேயே. அத்தகைய சுருளிற் பதிந்த திருமணப் படத்தில் செந்நிறக் கூறைச்சேலை கரியதாகத் தோன்றும். நெற்றிக் குங்குமமும் கறுத்த பொட்டாகும்.

1978 நவம்பர் 23 ஆம் நாட் சூறாவளியும் 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையும் வாவிக்கரை வீடுகளோடு அங்கிருந்த ஆவணங்களையும் சிதைத்தன. எஞ்சிய குடும்பப் படங்களைத் திரட்டி விவரிக்க முற்படுவோர், ‘கறுப்புச் சேலை அணிந்த மணமகள்’ என்று குறிப்பெழுதுமுன், அப்படம் எவ்வகைத் தகட்டில், எவ்வொளியில் எடுக்கப்பட்டது என்பதை ஆராய்தல் வேண்டும். அம்மணமகளை அறிந்த முதியவர் எவரேனும் இருப்பின், சேலையின் நிறத்தை அவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுதல் நன்று.