பிறர்க்கென வேண்டல்

தனக்கென வேண்டுவது மாந்தர்க்கு இயல்பு. பசி வந்தால் உணவையும், பிணி வந்தால் நலத்தையும் இறைவனிடம் கேட்க எவரும் கற்றுத்தர வேண்டுவதில்லை. பிறர்க்கென வேண்டுவதோ பயிற்சியால் வருவது. சைவர்கள் வழிபாட்டின் நிறைவில் கச்சியப்பரின் கந்தபுராண வாழ்த்தைப் பாடி, மழையும் அரசும் அறமும் ஓங்க வேண்டுவது தமிழர் நன்கறிந்த வழக்கம். கிறித்தவ வழிபாட்டில் அதனை ஒத்து நிற்பது பிறர்க்கான மன்றாட்டு. இம்மன்றாட்டின் வரலாறு, யாருக்காக வேண்டுகிறோமோ அவருக்கு நாம் கடன்பட்டவராகிறோம் என்னும் உண்மையைக் காட்டுவதாகும்.

தொடக்கக் காலத் திருச்சபையில் இவ்வேண்டல் சபையார் அனைவருக்கும் உரிய பணியாயிருந்தது. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் உரோமையில் வாழ்ந்த யுஸ்தீன் என்னும் அறிஞர், திருமுழுக்குப் பெற்றவர் உடனே சபையாரோடு நின்று, எங்குமுள்ள மக்கள் யாவர்க்காகவும் வேண்டுவதை எழுதி வைத்துள்ளார். துன்புறுத்திய பேரரசர்க்காகவும் கிறித்தவர்கள் வேண்டினர் என்று அந்நூற்றாண்டின் இறுதியில் தெர்த்துல்லியன் எடுத்துரைத்தார். பகைவனுக்காக வேண்டுவோன் அவனுக்குத் தீங்கு நினைத்தல் அரிதன்றோ?

பிற்காலத்தில் உரோமைத் திருப்பலியில் இப்பொது மன்றாட்டு வழக்கொழிந்தது. பெரிய வெள்ளியன்று மட்டும் அதன் பழைய வடிவம் எஞ்சி நின்றது.

தமிழ்க் கிறித்தவர் வரலாற்றிலோ இம்மன்றாட்டு வேறொரு வழியில் நுழைந்தது. 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் சீகன்பால்கும் புளூச்சோவும் தரங்கம்பாடியில் கரையிறங்கினர். அவர்களுடைய கடிதங்கள் ஜெர்மனியின் ஹாலே நகரில் 1710 முதல் அச்சேறின. அவற்றைப் படித்தோர், தாம் கண்டறியாத தமிழ் மக்களுக்காக வேண்டினர், பொருளும் உதவினர். அந்நாளில் தமிழர் பிறரால் வேண்டப்பட்டவர்கள். உதவி பெறுவோர் என்றும் உதவி பெறுவோராகவே இருந்துவிடுவது எளிது. இருநூறு ஆண்டுகளுக்குப் பின் அந்நிலை மாறியது.

மாற்றத்திற்கு முன்னின்றவர் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1902இல் அவர் யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறித்தவர்கள் தங்கள் செலவிலேயே கடல் கடந்து தமிழகத்திற்கு ஊழியரை அனுப்பி வருவதைக் கண்டார். எண்ணிக்கையில் மிகுந்த திருநெல்வேலிச் சபையார் அவ்வாறு ஒருவரையும் அனுப்பவில்லையே என்ற எண்ணம் அவரை உறுத்தியது. மறு ஆண்டு, 1903 பிப்ரவரி 12ஆம் நாள், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரிச் சங்கம் தோன்றியது. அது தெலுங்கு வழங்கும் தோர்ணக்கல் பகுதியைத் தன் களமாகக் கொண்டது. வேற்று மொழி பேசுவோர்க்காகத் தமிழர் வேண்டினர், காணிக்கை தந்தனர், ஆளையும் அனுப்பினர். அசரியாவே 1909இல் அங்குச் சென்று குடியேறினார். 1912இல் தோர்ணக்கலின் பேராயராகித் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே.

பிறர்க்காக வேண்டுவதில் ஓர் இடரும் உண்டு. வேண்டுபவன் மேலோன், வேண்டப்படுபவன் கீழோன் என்ற எண்ணம் அறியாமலே புகுந்துவிடும். 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் அசரியா இதனைத் துணிந்து சுட்டினார். மேலைநாட்டார் செய்த தியாகங்களை நன்றியோடு நினைவுகூர்ந்து, இந்தியர் இனி அவர்களிடம் வேண்டுவது நட்பே என்று முடித்தார். அப்பேச்சு அவையில் சிலர்க்குக் கசந்தது. ஆயினும் இன்றளவும் பேசப்படுகிறது.

வழிபாட்டிலும் மக்களின் குரல் மீண்டது. 1947இல் அமைந்த தென்னிந்தியத் திருச்சபை, 1950இல் வகுத்த திருவிருந்து முறையில், சபையார் மறுமொழி கூறும் மன்றாட்டுக்கு இடமளித்தது. 1963 டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட வழிபாட்டு ஏடு, கத்தோலிக்கத் திருப்பலியில் பொது மன்றாட்டை மீண்டும் நிலைநாட்டப் பணித்தது. இன்று தமிழ்த் திருப்பலிகளில் பொதுநிலையினர் முன்வந்து மன்றாட்டுகளை வாசிப்பது அதன் பயனே.

மலேசியாவிற்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 1927 முதல் உலகெங்கும் கொண்டாடப்படும் உலக மன்றாட்டு நாளுக்கு ஆண்டுதோறும் ஒரு நாட்டு மகளிர் வழிபாட்டு முறையை எழுதுவர். 2012இல் அப்பணி மலேசிய மகளிர்க்கு வாய்த்தது. அவர்கள் எடுத்த பொருள் நீதி. மார்ச்சுத் திங்கள் முதல் வெள்ளியன்று அயல்நாட்டுச் சபைகளெல்லாம் இந்நாட்டிற்காக வேண்டின.

தஞ்சோங் மாலிம் வட்டாரத் தோட்டங்களைப் போலக் கிறித்தவர் சிலராய் வாழும் இடங்களிலும் இவ்வழக்கத்திற்குக் குறைவில்லை. அதற்குப் பெருங்கோயிலும் பெருஞ்செல்வமும் தேவையில்லை. தென்தமிழகச் சபைகளில் பெண்கள் உலையிலிடும் முன் ஒரு பிடி அரிசியை ஒதுக்கிக் காணிக்கையாக்குவர். அந்தப் பிடியரிசியே மன்றாட்டின் நல்ல இலக்கணம். அண்டை வீட்டு நோயாளிக்காக வேண்டியவர், எழுந்து சென்று அவர் கதவைத் தட்டும்போதுதான் அவ்வேண்டல் முற்றுப்பெறுகிறது.