இரத்தம் சென்ற வழி: இப்னு நஃபீஸும் சுவாசத்தின் வரலாறும்

இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்தவர் ஹார்வி அல்லர், இப்னு நஃபீஸே என்று நம் மேடைகளில் முழங்கக் கேட்கிறோம். பெருமைக்குரிய பெயர்தான். ஆயினும், அவர் கூறாதவற்றையும் அவர்மீது ஏற்றிக் கூறுவது அம்மேதைக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜாலினூஸ் என்னும் கேலன், இதயத்தின் வலது அறையிலிருந்து இடது அறைக்கு நடுச்சுவரின் நுண்துளைகள் வழியே இரத்தம் கசிகிறது என்றார். அங்கே காற்றுடன் கலந்து உயிராற்றல் பிறக்கிறது என்பது அக்கொள்கை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அது அசையாது நின்றது.

டமஸ்கஸில் மருத்துவம் பயின்று கெய்ரோவில் வாழ்ந்தவர் இப்னு நஃபீஸ். அவர் ஷாஃபிஈ ஃபிக்ஹ் கற்பித்த சட்ட அறிஞரும் ஆவார்; அந்த மத்ஹபைப் பின்பற்றுவோர் நம் கடற்கரை ஊர்களில் மிகுதி என்பதை இங்கே நினைத்துக் கொள்கிறோம். இப்னு ஸீனாவின் 'அல்-கானூன்' நூலிலுள்ள உடற்கூற்றுப் பகுதிகளுக்கு 1242இல் (ஹிஜ்ரி 640) அவர் விரிவுரை வரைந்தார். அதில் அவர் வைக்கும் வாதம் எளியது: நடுச்சுவர் கெட்டியானது, கண்ணுக்குப் புலப்படும் துளையும் இல்லை, புலப்படாத துளையும் இல்லை. எனவே, இரத்தம் வலது அறையிலிருந்து நுரையீரலுக்குச் சென்று, அங்கே பரவிக் காற்றுடன் கலந்து, பின்னரே இடது அறையை அடைய வேண்டும். ஷரீஅத்தும் தம் இரக்க உள்ளமும் உடலை அறுத்துப் பார்ப்பதிலிருந்து தம்மைத் தடுத்தன என்று முன்னுரையில் அவரே எழுதுகிறார். அவ்வாறாயின் சுவரின் தன்மையை எப்படி அறிந்தார்? ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கும் வினா இது.

உடல் முழுவதும் இரத்தம் சுற்றி வருவதாக அவர் கூறவில்லை. அதை நிறுவியவர் ஹார்வி (1628). நுரையீரலில் குருதிக்குழாய்களை இணைக்கும் தந்துகிகளை 1661இல் உருப்பெருக்கியால் மால்பீகி கண்டார். இப்னு நஃபீஸ் அறிந்த காற்று ஒரே பொருள். வாயுக்கள் பலவாகப் பிரித்தறியப்பட்டது 18ஆம் நூற்றாண்டில். 1780களின் தொடக்கத்தில் லவாய்சியரும் லாப்லாசும் கினிப்பன்றியைப் பனிக்கட்டிகள் சூழ்ந்த கலத்தில் வைத்து, உருகிய நீரை அளந்து, சுவாசம் மெதுவாக நிகழும் எரிதலே என்றனர். ஆனால், அவ்வெரிதல் நுரையீரலில் நிகழ்வதாகவே லவாய்சியர் எண்ணினார்! உடலெங்குமுள்ள செல்களே பிராணவாயுவைச் செலவிடுகின்றன என்பதை 1870களில் ஃப்ளூகர் தெளிவுபடுத்தினார். நுரையீரலின் காற்றறைச் சுவர் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் மெல்லியது. அழுத்தம் மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்திற்குப் பிராணவாயு உள்ளேயும் கரியமில வாயு வெளியேயும் தாமாகவே கடக்கின்றன. செல்லின் வாயிலிலும் இதே விதிதான். நுரையீரல் வாயுக்களைச் சுரக்கிறது என்ற கருத்தை மறுத்து இதை 1910இல் சோதனைகளால் காட்டியவர்கள் குரோக் தம்பதியினர்.

1553இல் செர்வீட்டசும் 1559இல் கொலம்போவும் நுரையீரல் வழியை எழுதினர். அவர்கள் இப்னு நஃபீஸைப் படித்தே எழுதினர் என்று நம்மவர் சிலர் அறுதியிடுவர்; அதற்கு நேரடிச் சான்று இல்லை. சான்றுள்ள செய்தி வேறு. 1288இல் இறந்தபோது தம் வீட்டையும் நூல்களையும் கெய்ரோவின் மன்சூரி மருத்துவமனைக்கு அவர் விட்டுச் சென்றார். அவ்விரிவுரையின் அப்பகுதியோ, பெர்லின் நூலகத்துக் கையெழுத்துப் பிரதியிலிருந்து முஹ்யித்தீன் அத்-ததாவீ என்னும் எகிப்திய மருத்துவ மாணவர் 1924இல் ஜெர்மனியில் அளித்த ஆய்வேட்டின் வாயிலாகவே நவீன உலகின் கவனத்திற்கு வந்தது.