திரையைக் காக்கும் பரீட்சைகள்

லினக்ஸ் கெர்னலின் 2.6.29ஆம் பதிப்பு 2009 மார்ச்சில் வெளிவந்தபோது, அதுகாறும் எக்ஸ் சர்வர் என்ற தனி நிரலின் வசமிருந்த திரையமைக்கும் பொறுப்பை கெர்னலுக்குள்ளேயே இயங்கும் இன்டெல் கிராபிக்ஸ் டிரைவர் ஏற்றுக்கொண்டதனால், அதில் ஒரு வரி பிசகினாலும் திரை இருண்டு கணினியே ஸ்தம்பித்துப்போகும் அபாயம் உண்டாயிற்று. திருத்தம் எழுதியவர் தம் மேஜைமேலுள்ள ஒரே யந்திரத்தில் ஓட்டிப் பார்த்துத் திருப்தியடைவது இனிப் போதவில்லை; பல தலைமுறைச் சில்லுகளைக் கொண்ட யந்திரங்களை வரிசையாக நிறுத்தி, வருகிற ஒவ்வொரு திருத்தத்தையும் புதிய கெர்னலோடு சேர்த்துக் கம்பைல் செய்து, முதலில் சுருக்கமான பரீட்சைகளையும், அவற்றில் தேறினால் விரிவானவற்றையும் நடத்தும் முறை நாளடைவில் வேரூன்றியது.

இவற்றுள் என் மனத்தை மிகவும் கவர்வது பிம்பத்தைச் சரிபார்க்கும் உபாயம். ஒரு சித்திரத்தை எளிய வழியில் வரைந்து, திரைக்குச் செல்லும் பிம்பத்துக்குச் சில்லே கணக்கிட்டுத் தரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதையே சிக்கலான வழியில் மறுபடி வரைந்தால் இரண்டு எண்களும் ஒத்திருக்க வேண்டும். ஒரேயொரு புள்ளியின் நிறம் மாறினாலும் எண் காட்டிக்கொடுத்துவிடும். மனிதக் கண்ணுக்கு இந்த நுட்பம் ஏது?

யந்திரத்தைத் தூங்கவைத்து எழுப்பும் சோதனைகளும் உண்டு. ஆயினும் பலமுறை தேறி என்றோ ஒருமுறை தவறும் சோதனைகள்தாம் பெருந்தொல்லை. அது புதிய திருத்தத்தின் குற்றமா, பழைய கோளாறா என்று பிரித்தறிய, முன்பே தெரிந்த பிழைகளின் ஜாபிதாவோடு ஒவ்வொரு தோல்வியையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.