வரி வரவு (இந்தியா)

வரி வரவு என்பது ஒருவருடைய வருமானத்திலிருந்து முன்னரே பிடித்து அரசுக்குச் செலுத்தப்பட்ட வரியை, அவர் அந்த ஆண்டுக்கு உண்மையில் செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் உரிமை ஆகும். பிடித்த தொகை கூடுதலாக இருப்பின் மிகுதி திரும்பக் கிடைக்கும். குறைவாக இருப்பின் எஞ்சியதை அவரே கட்ட வேண்டும். ஆண்டு முழுவதும் ஒரே வேலையில் ஒரே சம்பளம் பெறுபவருக்கு இவ்விரு தொகைகளும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. வேலை மாறும்போதும், வேலை இழக்கும்போதும், குடும்பத்தில் சம்பாதித்தவர் இறக்கும்போதும் அவை ஒத்துப்போவதில்லை. அப்போது வரவு தானாகக் கைக்கு வந்து சேர்வதில்லை. அதற்கு உரியவர், உரிய ஆண்டில், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கோர வேண்டும்.

இக்கட்டுரையில் குறிப்பிடப்படும் பிரிவு எண்களும் படிவ எண்களும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தையும் அதன் விதிகளையும் சார்ந்தவை. 2025–26 நிதியாண்டு வரையிலான வருமானத்திற்கு அச்சட்டமே பொருந்தும். 2026 ஏப்ரல் 1 முதல் ஈட்டும் வருமானத்திற்கு 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் பொருந்துகிறது. புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியுள்ளன. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைப் பெயர்களுக்கு மாற்றாக வரி ஆண்டு என்ற ஒரே பெயர் வந்துள்ளது. பிடித்த வரிக்கு வரவு உண்டு என்ற அடிப்படை மாறவில்லை.

பிற நாடுகளில்

வரி வரவு என்ற சொல் எல்லா நாடுகளிலும் ஒரே பொருளில் வழங்குவதில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 1975 முதல் நடைமுறையில் உள்ள ஈட்டிய வருமான வரி வரவும், ஐக்கிய இராச்சியத்தில் 2003 ஏப்ரல் முதல் 2025 ஏப்ரல் 5 வரை இருந்த உழைப்போர் வரி வரவு, குழந்தை வரி வரவு ஆகியனவும் குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு அரசு தரும் உதவித்தொகைகள். பிரித்தானியாவில் கணவன், மனைவி இருவரின் வருமானத்தையும் கூட்டி உதவி கணக்கிடப்பட்டது. வேலை நேரமோ வருமானமோ மாறினால் குடும்பத்தினர் தெரிவிக்க வேண்டும். முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 19 இலட்சம் குடும்பங்களுக்குக் கூடுதலாகப் பணம் வழங்கப்பட்டு, பின்னர் அது திரும்பப் பிடிக்கப்பட்டது. செலவழித்துவிட்ட பணத்தை ஏழைக் குடும்பங்கள் கடனாகச் சுமந்தன.

இந்தியாவில் இத்தகைய உதவித்தொகை வருமான வரிச் சட்டத்தில் இல்லை. இந்து கூட்டுக் குடும்பம் என்ற தனி வகை நீங்கலாக, இங்கு வரி விதிப்பின் அலகு தனி மனிதரே, குடும்பம் அன்று. ஆகவே இங்கே இடர் வேறு வடிவில் வருகிறது: அரசு கூடுதலாகத் தந்து திரும்பக் கேட்பதில்லை, கூடுதலாகப் பிடித்தது கேட்கப்படாமலேயே நின்றுவிடுகிறது.

வரவு பதிவாகும் முறை

சம்பளம், வங்கி வட்டி, ஒப்பந்தத் தொகை, தரகு முதலியவற்றை வழங்குவோர் ஒரு பகுதியைப் பிடித்து, பெறுபவரின் நிரந்தரக் கணக்கு எண்ணின் (பான்) பெயரில் அரசுக்குச் செலுத்துகின்றனர். இது மூலத்தில் வரிப் பிடித்தம் எனப்படும். சம்பளத்திற்குப் படிவம் 16, பிற வருமானங்களுக்குப் படிவம் 16ஏ ஆகியன சான்றாக வழங்கப்படுகின்றன. ஒருவர் பெயரில் சேர்ந்த எல்லாப் பிடித்தங்களையும் படிவம் 26ஏஎஸ் காட்டும். 2021 நவம்பரிலிருந்து ஆண்டுத் தகவல் அறிக்கையும் வருமான வரித் துறையின் இணையதளத்தில் கிடைக்கிறது. கணக்கு தாக்கல் செய்யுமுன் இவ்விரண்டையும் பார்ப்பது நல்லது. சான்றிதழில் உள்ள தொகை 26ஏஎஸ்ஸில் இல்லையெனில் வரவு கிடைப்பது கடினம்.

பான் எண் தராதவரிடம் பொதுவாக 20 விழுக்காடு பிடிக்கப்படும். ஆதாருடன் இணைக்காத பான், 2023 சூலை 1 முதல் செயலற்றதாகக் கருதப்படுகிறது; அவ்வாறான பானுக்குக் கூடுதல் விகிதத்தில் பிடிப்பர், திரும்பத் தர வேண்டிய தொகையையும் தர மாட்டார்கள்.

வேலை மாற்றம்

ஆண்டின் நடுவே வேலை மாறுவோருக்குப் பெரும்பாலும் வரி குறைவாகவே பிடிக்கப்பட்டிருக்கும். இரு நிறுவனங்களும் தாம் தரும் சம்பளத்தை மட்டும் கணக்கிட்டு, நிலையான கழிவு, வரியற்ற வரம்பு, பிரிவு 87ஏ தள்ளுபடி ஆகியவற்றைத் தனித்தனியே கொடுத்துவிடுவதே காரணம். சட்டமோ இவற்றை ஆண்டுக்கு ஒருமுறைதான் தருகிறது.

எடுத்துக்காட்டாக, ஒட்டன்சத்திரத்தைச் சேர்ந்த ஒருவர் கோயம்புத்தூரில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் 2025 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாதம் 1,00,000 ரூபாயும், அக்டோபர் முதல் 2026 மார்ச் வரை மற்றொரு நிறுவனத்தில் மாதம் 1,30,000 ரூபாயும் பெற்றதாகக் கொள்வோம். புதிய வரி முறையில் முதல் நிறுவனம் ஆண்டுச் சம்பளத்தை 12 இலட்சம் என மதிப்பிடும்; 75,000 ரூபாய் நிலையான கழிவு போக 11.25 இலட்சம். 12 இலட்சத்திற்கு மேற்படாததால் வரி இல்லை. இரண்டாவது நிறுவனம் தன் 7.8 இலட்சத்தை மட்டும் பார்த்தால் அங்கும் வரி இல்லை. ஆனால் அவருடைய மொத்தச் சம்பளம் 13.8 இலட்சம், கழிவு போக 13.05 இலட்சம். வரி 75,750 ரூபாய். 4 விழுக்காடு மேல்வரியுடன் 78,780 ரூபாய். ஒரு ரூபாய்கூடப் பிடிக்கப்படாத நிலையில் சூலையில் கணக்கு எழுத அமரும்போது இத்தொகை ஒரேயடியாக முன் வந்து நிற்கும். முன்கூட்டிய வரி கட்டாமைக்காக 234பி, 234சி பிரிவுகளின்படி வட்டியும் சேரும்.

இதைத் தவிர்க்கும் வழி பிரிவு 192(2)இல் உள்ளது. பழைய சம்பளத்தையும் பிடித்த வரியையும் படிவம் 12பியில் எழுதிப் புதிய நிறுவனத்திடம் கொடுத்தால், அது இரண்டையும் கூட்டி எஞ்சிய மாதங்களில் பரவலாகப் பிடிக்கும். படிவத்தைக் கொடுப்பது கட்டாயமன்று. பழைய சம்பளத்தை வெளியிட விரும்பாததால் பலர் அதை வெறுமையாக விட்டுவிடுகின்றனர். அவ்வாறு விடுபவர் தாமே கணக்கிட்டு முன்கூட்டிய வரியாகக் கட்டிவிட்டால் வட்டி வராது.

வேலை இழப்பு

வேலை இழந்தவரின் நிலை இதற்கு நேர்மாறானது. மாதம் 2 இலட்சம் பெறுபவரின் ஆண்டுச் சம்பளத்தை 24 இலட்சம் எனக் கொண்டு, 2025–26 நிதியாண்டுக்கு 2,92,500 ரூபாய் வரி என நிறுவனம் கணக்கிட்டு மாதந்தோறும் பிடித்து வந்திருக்கும். அவர் செப்டம்பர் இறுதியில் வேலை இழந்து, பின்னர் வேறு வருமானம் இல்லாதிருந்தால் ஆண்டு வருமானம் 12 இலட்சம் மட்டுமே. கழிவும் தள்ளுபடியும் போக வரி எதுவுமில்லை. ஆறு மாதங்களில் பிடித்த 1,46,250 ரூபாயும் அவருடையது. வருமானமில்லாத குடும்பத்திற்கு இது பெருந்தொகை. எனினும் நிதியாண்டு முடிந்து கணக்கு தாக்கல் செய்த பின்னரே அது கைக்கு வரும். வேலையின்றி இருக்கும் அந்த மாதங்களிலேயே பெறுவதற்கு வழியில்லை.

வரி வரம்புக்குக் கீழ் உள்ளோர்

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையிலிருந்து கேரளத்திற்கு நாள்தோறும் காய்கறி செல்கிறது. விவசாயியின் வேளாண் வருமானத்திற்கு வருமான வரி இல்லை. ஆனால் அவருடைய வங்கி வைப்புத்தொகைக்கான வட்டி வேளாண் வருமானம் ஆகாது. 2025 ஏப்ரல் முதல், வங்கி வட்டி ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் (மூத்த குடிமக்களுக்கு 1,00,000 ரூபாய்) 10 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. தமக்கு வரி வராது என உறுதியளிக்க 60 வயதுக்குட்பட்டோர் படிவம் 15ஜியும், மூத்தோர் 15எச்சும் தரலாம். இவ்வுறுதிமொழி அந்தந்த நிதியாண்டுக்கு மட்டுமே உரியது. ஏப்ரலில் கொடுத்தவர் ஆகத்தில் வேலைக்குச் சேர்ந்து வரி வரம்பைத் தாண்டினால், வங்கி பிடிக்காவிட்டாலும் வரி உண்டு.

சுமை வண்டி வைத்திருப்போருக்குத் தனிச் சலுகை உள்ளது. ஆண்டில் எந்நேரத்திலும் பத்துக்கு மேற்படாத சரக்கு வண்டிகளே தம்மிடம் இருந்தன என்று பான் எண்ணுடன் எழுதிக் கொடுத்தால் வாடகையில் வரி பிடிக்கப்படாது.

நூற்பாலைத் தொழிலாளர் போன்றோரை மிகுதியாகத் தொடுவது வருங்கால வைப்பு நிதி. ஐந்தாண்டுத் தொடர் பணி முடியுமுன் 50,000 ரூபாயோ அதற்கு மேலோ எடுத்தால் 10 விழுக்காடு பிடிக்கப்படும். ஆண்டுக்கு 1.6 இலட்சம் ஈட்டும் பெண் திருமணத்திற்குப் பின் வேலையை விட்டு 80,000 ரூபாய் எடுத்தால் 8,000 ரூபாய் போகும். பான் தராவிட்டால் 16,000 ரூபாய். அவர் செலுத்த வேண்டிய வரியோ சுழியம். வரி வரம்புக்குள் வராதவர் கணக்கு தாக்கல் செய்யத் தேவையில்லை என்பது பொது விதி. பிடித்ததைத் திரும்பப் பெற விரும்புபவர் தாக்கல் செய்தே ஆக வேண்டும் என்பது அதன் மறுபக்கம். இம்மறுபக்கம் தெரியாததால் இழப்போர் அந்த எட்டாயிரம் மிகவும் தேவைப்படுபவர்களே. வேறு ஆலைக்கு மாறுபவர் பணத்தை எடுக்காமல் கணக்கை மாற்றிக்கொண்டால் பழைய பணிக்காலமும் ஐந்தாண்டில் சேரும்.

குடும்பத்தில் மாற்றம்

வருமானம் எவருடையதோ வரவும் அவருக்கே என்பது வருமான வரி விதி 37பிஏவின் சாரம். பிடித்தம் வேறொருவர் பானில் இருப்பினும் இவ்விதியே செல்லும். இது பெரிதும் பயன்படும் இடங்கள் இரண்டு.

முதலாவது, வருமானச் சேர்ப்பு. மண்டிக் கடை நடத்துபவர் தன் பணத்தை மனைவி பெயரில் வைப்பாக வைத்தால், பிரிவு 64இன்படி அவ்வட்டி கணவரின் வருமானமாகவே கொள்ளப்படும். பிடித்தமோ மனைவியின் பானில் நிற்கும். மனைவி வங்கியில் எழுதிக் கொடுத்தால் வங்கி அதைக் கணவர் பெயரில் அறிவிக்க வேண்டும். கணக்குப் படிவங்களுள் ஐ.டி.ஆர் 2, 3 ஆகியவற்றில் மற்றவர் பானில் உள்ள வரவைக் காட்டக் கட்டங்கள் உண்டு; எளிய படிவமான ஐ.டி.ஆர் 1இல் இல்லை.

இரண்டாவது, இறப்பு. இறந்த நாள் வரையிலான வருமானத்திற்குச் சட்டப்படியான வாரிசு, இறந்தவரின் பெயரிலேயே கணக்கு தாக்கல் செய்து வரவைக் கோரலாம் (பிரிவு 159). இதற்கு இணையதளத்தில் வாரிசாகப் பதிவு செய்ய வேண்டும். இறப்புச் சான்றிதழும், வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழும் தேவைப்படும். இறந்த நாளுக்குப் பிந்தைய வட்டி வாரிசுகளின் வருமானம். வங்கிக்குத் தெரிவிக்காவிடில் பிடித்தம் இறந்தவரின் பானிலேயே தொடரும். வருமானம் ஓரிடத்திலும் வரவு ஓரிடத்திலுமாக நிற்கும். துயரத்திற்கிடையே வங்கிக்குச் செல்வது எளிதன்று எனினும், இந்த ஒரு செய்தியைத் தாமதிப்பது பின்னர் பல மாத அலைச்சலாகிறது.

ஓய்வூதியம் பெற்ற கணவர் இறந்து மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வரும்போதும் ஒரு மாற்றம் உண்டு. ஓய்வூதியம் சம்பளமாகக் கருதப்பட்டு வரி பிடிக்கப்பட்டது. குடும்ப ஓய்வூதியம் பிற வருமானம் என்பதால் சம்பளத்திற்குரிய பிடித்தம் அதற்கு இல்லை. வரி வரம்பைத் தாண்டினால் அவரே கட்ட வேண்டும்.

நிலுவைச் சம்பளம்

பல ஆண்டுகளுக்கு உரிய ஊதிய நிலுவை ஒரே ஆண்டில் வந்தால் வரி விகிதம் உயரும். அக்கூடுதல் சுமையைக் குறைக்கப் பிரிவு 89 நிவாரணம் தருகிறது. படிவம் 10இயை இணையத்தில் சமர்ப்பிக்காமல் கணக்கில் மட்டும் நிவாரணம் கோரினால் அது மறுக்கப்படும்.

பிடித்தும் செலுத்தப்படாத வரி

நலிவடைந்த நிறுவனங்கள் சம்பளத்தில் வரியைப் பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாமல் விடுவதுண்டு. பணியாளரின் 26ஏஎஸ்ஸில் அது தோன்றாது. துறையின் கணினி அவரிடமே வரி கேட்கும். பிடிக்கப்பட்ட அளவுக்கு அந்த வரியைப் பணியாளரிடம் நேரடியாகக் கேட்கலாகாது என்று பிரிவு 205 கூறுகிறது. மத்திய நேரடி வரிகள் வாரியமும் 2015, 2016 ஆகிய ஆண்டுகளில் தன் அதிகாரிகளுக்கு இதை நினைவூட்டியுள்ளது. பிடித்தம் நிகழ்ந்ததை மெய்ப்பிக்கச் சம்பளச் சீட்டுகளும், வங்கிக் கணக்கில் வந்த நிகரத் தொகையும் உதவும். மூடப்பட்ட நிறுவனத்திலிருந்து இவற்றைப் பின்னர் பெற இயலாது என்பதால், வேலையில் இருக்கும்போதே சேமித்து வைப்பது நன்று.

கால வரம்பு

சம்பளதாரர் கணக்கு தாக்கல் செய்யும் வழக்கமான இறுதி நாள் சூலை 31. தவறினால் திசம்பர் 31 வரை தாமதக் கணக்கு தாக்கல் செய்து வரவைக் கோரலாம். ஆனால் அப்போது சம்பளதாரர் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது. மொத்த வருமானம் 5 இலட்சத்திற்கு மேற்படாவிட்டால் தாமதக் கட்டணம் 1,000 ரூபாய். கட்டாயம் தாக்கல் செய்ய வேண்டிய வரம்புக்குள் வராதோருக்கு அதுவும் இல்லை. பின்னாளில் தாக்கல் செய்ய வகை செய்யும் புதுப்பிக்கப்பட்ட கணக்கின் வழியே பணத்தைத் திரும்பக் கேட்க இயலாது.

திசம்பரும் கடந்துவிட்டால் பிரிவு 119(2)(பி)இன்கீழ்த் தாமதத்தை மன்னிக்குமாறு விண்ணப்பிக்கலாம். 2024 அக்டோபர் 1 நாளிட்ட சுற்றறிக்கையின்படி மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்தாண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன்பு இவ்வரம்பு ஆறாண்டுகளாக இருந்தது. நோய், இறப்பு போன்ற உண்மையான இடர்ப்பாடு இருந்ததைக் காட்ட வேண்டும். இவ்வழியில் கிடைக்கும் தொகைக்கு வட்டி தரப்படுவதில்லை.