இலங்கைப் பாதுகாப்புப் படை

1910 முதல் 1949 வரை பிரித்தானிய முடியின் கட்டளைக்குக் கீழிருந்த படை. பெரும்பாலும் தொண்டர்களைக் கொண்டது. இரு உலகப் போர்களிலும் நேச நாடுகளின் அணியில் நின்றது. அதே அணியில், பிரித்தானியத் தளபதிகளின் கீழ், போலந்து வீரர்கள் 1944 மே மாதம் இத்தாலியின் மொன்தே கசினோவில் போரிட்டார்கள். அவர்களுக்கு இலண்டனில் ஒரு நாடுகடந்த அரசாவது இருந்தது. இலங்கைப் படையினருக்கு அதுவும் இல்லை. 1931இன் டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையைத் தந்தபோதும், பாதுகாப்புப் பொறுப்பைப் பிரதம செயலாளரிடமே விட்டுவைத்தது. கொழும்பில் வரிசையில் நின்று வாக்களித்த தகப்பனுக்கு, தன் மகனை எந்தத் தீவுக்கு அனுப்புகிறார்கள் என்று கேட்கும் உரிமை கிடைக்கவில்லை. கீழே வரும் சம்பவங்களை இதை மனதில் வைத்தே படிக்கவேண்டும்.

பிறர் கட்டளையில் போரிடுவது இத்தீவுக்குப் புதிதல்ல. ஒல்லாந்தர் காலத்தில் கொழும்புக் கோட்டையைக் காத்தவர்களில் சுவிட்சர்லாந்தின் டி மியூரன் ரெஜிமென்டும் ஒன்று. 1795இல் ஹியூ கிளெகோர்ன் என்ற ஸ்கொட்லாந்துப் பேராசிரியர் ஐரோப்பாவில் ரெஜிமென்டின் உரிமையாளரான டி மியூரன் பிரபுவைக் கண்டு பேசி, முழுப் படையையும் பிரித்தானியச் சேவைக்கு மாற்றிக்கொண்டார். கோட்டைக்குள் இருந்த பிரபுவின் தம்பிக்குச் செய்தி ஒரு பாலாடைக்கட்டிக்குள் ஒளித்து அனுப்பப்பட்டதாகச் சொல்வார்கள். கதையின் விவரங்கள் நூலுக்கு நூல் வேறுபட்டாலும், கொழும்பு வரலாற்றை எழுதுபவர்கள் இதை விட்டுவிட்டுப் போவதில்லை. சுவிஸ் வீரர்கள் வெளியேறினார்கள். 1796 பெப்ரவரியில் கொழும்பு சரணடைந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து அதே ரெஜிமென்ட் சீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தானுக்கு எதிராக நின்றது.

அடுத்து வந்த மலாய்ப் படை, பின்னாளில் இலங்கை ரைபிள் ரெஜிமென்டாகி, 1847இல் சில கம்பனிகளை ஹொங்கொங்குக்கும் அனுப்பியது. 1870களின் முற்பகுதியில் அது கலைக்கப்பட்டது. கொம்பனித்தெருவின் ரைபிள் வீதி இன்னும் அந்தப் பெயரைச் சுமக்கிறது.

1881இல் தொடங்கிய இலங்கை இலகு காலாட்படைத் தொண்டர்களே நவீன படையின் வேர். பீரங்கித் தொண்டர்கள் 1888இல் சேர்ந்தனர். 1910இல் எல்லாம் ஒரே பெயரின் கீழ் வந்தன.

முதல் உலகப் போருக்கு வெள்ளைத் தோட்டத்துரைமாரின் ரைபிள் படை 8 அதிகாரிகளும் 229 வீரர்களுமாக எகிப்துக்குக் கப்பலேறியது. கலிபோலியில் அன்சாக் படைத் தளபதி ஜெனரல் பேர்ட்வுட்டின் மெய்க்காவலாக நின்றது. கொழும்பு முகத்துவாரத்தில் இருந்த பரி. தோமாவின் கல்லூரியில் படித்த பசில் ஹோர்ஸ்ஃபோல், 1918 மார்ச்சில் பிரான்சில் மாண்டு விக்டோரியா சிலுவை பெற்றார். அதே ஆண்டில்தான் கல்லூரி கல்கிசைக் கடற்கரைக்கு இடம்பெயர்ந்தது. இதற்கு நேர்மாறான கதை ஹென்றி பேதிரிஸ் உடையது. கொழும்பு நகரக் காவற்படையில் அதிகாரியாக இருந்த அவரை, 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தின்போது இராணுவ நீதிமன்றம் விசாரித்தது. ஜூலை 7 அன்று வெலிக்கடையில் சுட்டுக்கொன்றார்கள். குற்றச்சாட்டு நிற்கக்கூடியதல்ல என்பதே பின்வந்த எழுத்தாளர் பெரும்பாலோரின் கருத்து.

இரண்டாம் உலகப் போரில், அதுவும் 1942இன் சில மாதங்களில்தான், பதிவுகள் திடீரெனப் பெருகுகின்றன. பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் அட்மிரல் லேய்ட்டன் தீவின் தலைமைத் தளபதியாகி, ஆளுநருக்கும் மேலான அதிகாரத்துடன் வந்தார். ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலை, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. கல்கிசைக்கு அடுத்த இரத்மலானையிலிருந்து ஹரிகேன் விமானங்கள் எதிர்த்து எழுந்தன. இரண்டு நாள் கழித்து என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா உள்ளிட்ட, இடதுசாரி லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர்கள் கண்டிச் சிறையிலிருந்து தப்பினார்கள். கல்கிசையில் பரி. தோமாவின் கட்டிடங்களைப் படையினர் எடுத்துக்கொள்ள, மாணவரில் ஒரு பகுதியினர் மலைநாட்டின் குருத்தலாவைக்குப் போனார்கள். காலிமுகத்திடலில் நின்ற போர் நினைவுத்தூண் கழற்றப்பட்டு, பிறகு விக்டோரியா பூங்காவில் நிறுவப்பட்டது. யப்பானியருக்கு அது குறியடையாளமாகிவிடும் என்ற அச்சமே காரணம் என்பர்.

கொழும்பு இப்படி இருந்தபோது, இலங்கைக் கோட்டைப் பீரங்கிப் படையின் 56 பேர் கொக்கோஸ் தீவுகளின் ஹோர்ஸ்பர்க் தீவில் இரண்டு ஆறு அங்குலப் பீரங்கிகளுடன் இருந்தார்கள். இலங்கைக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் நடுவில், தென்னையும் பவளப் பாறையுமான ஒரு துண்டு நிலம். எதிரேயிருந்த டிரெக்ஷன் தீவின் தந்திக் கம்பி நிலையத்தைக் காப்பதே வேலை. 1914இல் ஜேர்மனியின் எம்டன் போர்க்கப்பல் தேடி வந்ததும் அதே நிலையத்தைத்தான். கட்டளை அதிகாரி கப்டன் ஜோர்ஜ் கார்டினர் வீரர்களை நடத்திய விதத்தில் கடுமையும் நிறவெறியும் கலந்திருந்ததாக நோயல் குரூஸ் கொக்கோஸ் கலகம் பற்றிய தம் நூலில் விவரிக்கிறார்.

மே 8 இரவு பொம்பார்டியர் கிரேஷன் பெர்னாண்டோ தலைமையில் கலகம் வெடித்தது. அதிகாரிகளைப் பிடிப்பது, பீரங்கிகளை டிரெக்ஷன் தீவின் பக்கம் திருப்புவது, யப்பானியருக்குச் சமிக்ஞை கொடுப்பது என்பது திட்டம். கன்னர் சமாரிஸ் ஜயசேகர சுடப்பட்டு இறந்தார். லெப்டினன்ட் ஸ்டீபன்ஸ் காயப்பட்டார். அந்தச் சமயத்தில் பெர்னாண்டோவின் பிரென் துப்பாக்கி இறுகி நின்றுவிட்டது. விடிவதற்குள் எல்லாம் முடிந்தது. கார்டினர் தீவிலேயே படைநீதிமன்றத்தைக் கூட்டினார். ஏழு பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. நால்வரின் தண்டனை பின்னர் சிறைவாசமாகக் குறைந்தது. பெர்னாண்டோ ஓகஸ்ட் 5 அன்றும், கார்லோ கௌடரும் ஜி. பி. டி சில்வாவும் அடுத்த சில நாட்களிலும் வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டனர். அந்தப் போரில் கலகக் குற்றத்துக்காக மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட பொதுநலவாயப் படையினர் இம்மூவர் மட்டுமே என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கூற்று.

சமசமாஜக் கருத்துகள் பெர்னாண்டோவை எவ்வளவு தூரம் இயக்கின என்பதில் ஒருமித்த முடிவில்லை. சிலர் அவரை விடுதலை வீரர் என்கிறார்கள். சிலர் தனிப்பட்ட கோபமே மூலம் என்கிறார்கள். எப்பக்கம் நின்றாலும் ஜயசேகரவின் பெயரை மறந்துவிடுவது நியாயமாகாது. அவரும் அதே தோட்டாப்பெட்டியைச் சுமந்து போன ஓர் இலங்கை வீரர்தான். இக்கலகத்தின்பின் இலங்கைப் படைப்பிரிவுகள் முன்னணிப் போர்க்களத்துக்கு அனுப்பப்படவில்லை. வழங்கல் படையினர் மத்திய கிழக்கிலும் இத்தாலியிலும் பின்னணிப் பணி செய்தனர். எதிரணியில், சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய இராணுவத்தில் மலாயாவாழ் இலங்கைத் தமிழர் பலரைக் கொண்ட ஒரு லங்கா அணியும் உருவானது.

1949 ஒக்டோபர் 10 அன்று இலங்கை இராணுவம் பிறந்தது. முதல் தளபதி பிரித்தானியரான கெய்த்னஸ் பிரபு. 1955இல் அன்ரன் முத்துக்குமாரு முதல் இலங்கைத் தளபதியானார். இப்படையின் வரலாற்றைப் பின்னர் நூலாக எழுதிவைத்தவரும் அவரே. 1957இல் பிரித்தானியர் திருகோணமலை, கட்டுநாயக்கத் தளங்களை ஒப்படைத்தனர்.

பிறர் கட்டளையில் பணிபுரிவது அதோடு நின்றுவிடவில்லை. 2004 முதல் இலங்கைப் படையினர் ஹெயிட்டியில் ஐ.நா. கட்டளையின் கீழ் பணியாற்றினர்; பாலியல் குற்றச்சாட்டுகளையடுத்து 2007இல் நூற்றுக்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டனர். உக்ரேன் போரில் முன்னாள் படையினர் பலர் ரஷ்யப் படைகளில் சேர்ந்தனர். 2025 தொடக்கத்தில் வெளிநாட்டமைச்சர் விஜித ஹேரத் நாடாளுமன்றத்தில் தெரிவித்தபடி, ரஷ்யப் படைகளில் சேர்ந்த இலங்கையரில் 59 பேர் உயிரிழந்திருந்தனர்.